டெல்லி போகாமலே நாடாளுமன்றக் குழுவில் உட்காருவது எப்படி? ராமநாதபுரம் கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமைச்சகங்களின் வேலையை ஆராயும் எம்.பி.க்கள் குழுவான நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று டெல்லியில் இரண்டு மணி நேரம் கூடுகிறது. தொகுதி வேலையாக ராமேஸ்வரத்தில் இருக்கும் எம்.பி. அதற்குப் போக வேண்டுமென்றால் மதுரை விமான நிலையம் வரைக்குமே சுமார் 170 கிலோமீட்டர். அங்கிருந்து டெல்லி, கூட்டம், மறுபடி இதே வழியில் திரும்புதல். இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு நாள் போய்விடும். அந்த இரண்டு நாளில் வடகடலில், அதாவது பாக் நீரிணையில், இலங்கைக் கடற்படையிடம் படகுகள் பிடிபட்டிருந்தால், "எம்.பி. எங்கே?" என்று ஊர் கேட்கும். கூட்டத்துக்குப் போகாமல் இருந்தாலோ, வருகைப் பதிவேட்டைக் காட்டி வேறு யாராவது அதே கேள்வியைக் கேட்பார்கள்.

காணொலியில் கலந்துகொள்ள விட்டால் என்ன என்பது நியாயமான கேள்விதான். இருக்கிற விதி அதற்கு இடம் தரவில்லை. அந்த விதியை மாற்றச் சொல்லி யாரிடம், எப்படி, எவ்வளவு கேட்பது, மாறினால் நம் கரையில் அதற்கான அறையை எப்படி அமைப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். எம்.பி. அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களையும் மீனவர் சங்க நிர்வாகிகளையும் மனதில் வைத்து எழுதியது இது.

படி 1: எந்தக் குழு என்று கண்டுபிடியுங்கள்

துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 31 பேர்; மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. இவற்றில் 16 குழுக்களை மக்களவைச் செயலகமும் 8 குழுக்களை மாநிலங்களவைச் செயலகமும் நடத்துகின்றன. கடிதம் எந்தச் செயலகத்துக்குப் போக வேண்டும் என்பது இதைப் பொறுத்தது.

நம் கரையின் பிரச்சினைகள் ஒரே குழுவுக்குள் அடங்குவதில்லை. மீன்வளம், மானியம், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் என்றால் வேளாண்மை, கால்நடை பராமரிப்பு, உணவு பதப்படுத்துதல் குழு. இலங்கைக் கடற்படையின் கைது என்றால் வெளியுறவுக் குழு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், பாசி எடுக்கும் பெண்களுக்கு அங்கே உள்ள கட்டுப்பாடு, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் இதெல்லாம் சுற்றுச்சூழலையும் அறிவியலையும் சேர்த்துப் பார்க்கும் மாநிலங்களவைக் குழுவின் வேலை. பாம்பன் பாலமும் ரயிலும் ரயில்வே குழுவில். புயல், பேரிடர் உள்துறைக் குழுவில்.

ஓர் எம்.பி. பொதுவாக ஒரு நிலைக்குழுவில்தான் இருப்பார். ஆகவே நம் தொகுதி எம்.பி. இருக்கும் குழு ஒன்றாகவும், நமக்கு வேண்டிய குழு வேறாகவும் அமைவது சகஜம். தொலைவிலிருந்து கலந்துகொள்ளும் வசதியை எம்.பி.க்கு மட்டும் கேட்டால் பாதிப் பலன்தான் கிடைக்கும். சாட்சி சொல்பவருக்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. குழுக்கள் ஆய்வுப் பயணமாக ஊர் ஊராக வருவது உண்டு. வந்து பார்ப்பார்கள், கேட்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். ஆனால் பயணத்தின்போது நடக்கும் அந்தக் கலந்துரையாடல் முறையான அமர்வு அல்ல. அங்கே முடிவு எடுப்பதில்லை, சாட்சியமும் பதிவாவதில்லை. மீன்பிடி இறங்குதளத்தில் ஒரு மீனவர் கொட்டித் தீர்த்தது குழுவின் சாட்சியப் பதிவில் ஒரு வரியாகக்கூட வராமல் போகலாம். கரையில் பேசுவது சாட்சியமாகப் பதிவாக வேண்டுமானால் அது முறையான அமர்வோடு இணைந்திருக்க வேண்டும். காணொலி வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்; பயணச் செலவு மிச்சம் என்பதெல்லாம் இதற்குப் பிறகு.

படி 2: தடையாக இருக்கும் விதியைப் படியுங்கள்

மக்களவை நடைமுறை விதிகளில் மூன்றை மட்டும் படித்தால் போதும். விதி 266: குழுவின் அமர்வுகள் மூடிய அறைக்குள், தனிமையில் நடக்க வேண்டும். விதி 267: அமர்வு நாடாளுமன்ற வளாகத்துக்குள் நடக்க வேண்டும், வெளியே நடத்த வேண்டிய தேவை வந்தால் விஷயம் சபாநாயகரிடம் போக வேண்டும், அவர் முடிவே இறுதி. விதி 275: சாட்சியம், நடவடிக்கை, அறிக்கை எல்லாம் அவையில் வைக்கப்படும் வரை ரகசியம்.

இதோடு கோரம். குழுவின் மொத்த உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இருந்தால்தான் அமர்வு செல்லும். 31 பேர் குழுவுக்குப் பத்துப் பதினோரு பேர். முடிவுகள் "வந்திருந்து வாக்களிக்கும்" உறுப்பினர்களின் பெரும்பான்மையால் எடுக்கப்படும்.

சரி, "வந்திருப்பது" என்றால் உடம்போடு வந்திருப்பது மட்டும்தானா? நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியை இருபது வருடத்துக்கு முன்பே தாண்டிவிட்டன. 2003-ல் மகாராஷ்டிர அரசுக்கும் டாக்டர் பிரஃபுல் தேசாய்க்கும் இடையிலான வழக்கில், குற்ற வழக்கு விசாரணையில் காணொலி வழியே சாட்சியம் பெறலாம், நேரில் இருப்பது என்பது உடலால் இருப்பது மட்டுமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு நாடாளுமன்றக் குழுவைத் தானாகக் கட்டுப்படுத்தாது. அரசியல் சட்டத்தின் 118-வது பிரிவுப்படி ஒவ்வொரு அவையும் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்கிறது. தீர்ப்பை வாதத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதைக் காட்டி உரிமை கோர முடியாது. கோரிக்கை மனுக்களில் இந்த வித்தியாசம் தெரிய எழுதினால் படிக்கிற அதிகாரி மரியாதை தருவார்.

படி 3: 2020-ல் என்ன பதில் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொரோனா ஊரடங்கில் குழுக்கள் கூட முடியாமல் போனபோது, குழுத் தலைவர்கள் சிலர் காணொலிக் கூட்டம் கேட்டு எழுதினார்கள். சபாநாயகர் ஓம் பிர்லாவும் மாநிலங்களவைத் தலைவராக இருந்த வெங்கையா நாயுடுவும் பேசி, இது ரகசிய விதியோடு மோதுகிறது, நடைமுறை விதிகளில் மாற்றத்தைப் பரிந்துரைக்கும் ‘விதிகள் குழு’க்கள்தான் (அவைக்கு ஒன்று) இதைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பக்கம் தள்ளினார்கள். 2020 ஜூலையில் குழுக்கள் நேரில் கூடத் தொடங்கின. அவசரம் போனதும் கேள்வியின் சூடும் ஆறிவிட்டது.

அதே வருடம் மற்ற இடங்களில் நடந்ததைப் பாருங்கள். 2020 மார்ச்சில் பிரேசில் நாடாளுமன்றம் தொலைவிலிருந்து விவாதித்து வாக்களிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நமக்குப் பக்கத்துக் கடலில் இருக்கும் மாலத்தீவு அதே மாதக் கடைசியில் காணொலியில் அவையையே கூட்டியது. பிரிட்டனில் மக்களவைக் குழுக்கள் வீடுகளிலிருந்து சாட்சிகளை விசாரித்தன. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2020 மே மாதம் குழுக்களுக்குத் தொலைவிலிருந்து கூட அனுமதி தந்தது. 2023 ஜனவரியில் பெரும்பான்மை மாறியதும் அது முடிந்தது. கனடா நேர்மாறாக 2023 ஜூனில் கலப்பு முறையை நிரந்தரமாக்கிவிட்டது.

ஆகவே "தொழில்நுட்பம் இல்லை" என்ற பதில் செல்லாது. ஆனால் ரகசியம் பற்றிய கவலை வெறும் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பு அமைச்சர்களின் காணொலிக் கூட்டத்துக்குள் ஒரு டச்சுப் பத்திரிகையாளர் நுழைந்து கை அசைத்தார். நெதர்லாந்து அமைச்சர் ட்விட்டரில் போட்ட படத்தில் நுழைவுக் குறியீட்டின் பெரும்பகுதி தெரிந்திருந்ததுதான் காரணம். அதற்கு முன்னால் மார்ச்சில் பிரிட்டிஷ் பிரதமரே அமைச்சரவைக் கூட்டத்தின் திரையைப் படம் பிடித்துப் போட்டார், கூட்ட எண்ணோடு. இரண்டிலும் யாரும் ஹேக் செய்யவில்லை. "நாங்களும் கூட்டத்தில் இருக்கிறோம்" என்று ஊருக்குக் காட்டும் ஆசைதான் கதவைத் திறந்தது. நம் ஊரில் அந்த ஆசை குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

படி 4: எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் படியைத்தான். "எல்லாக் கூட்டத்தையும் காணொலியில் நடத்துங்கள்" என்று கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். சொல்வது ஓரளவு சரியும்கூட.

குழு இரண்டு விதமான வேலை செய்கிறது. ஒன்று, கேட்பது: அமைச்சகச் செயலாளர்கள், வல்லுநர்கள், சங்கங்கள் வந்து சொல்வதைக் கேட்டு, குறுக்குக் கேள்வி போடுவது. மற்றொன்று, முடிவெடுப்பது: வரைவு அறிக்கையை வரிவரியாகப் பார்த்து, எந்தப் பரிந்துரையை வைப்பது, எதை எடுப்பது என்று பேசி ஏற்றுக்கொள்வது. முதலாவதைக் காணொலிக்குத் திறக்கலாம். இரண்டாவதை டெல்லி அறையிலேயே விட்டுவிடுங்கள்.

ஏன்? அறிக்கையை ஏற்கும் கூட்டத்தில் உறுப்பினரின் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது முக்கியம். மூடிய அறையில் ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் கட்சி வேலியைத் தாண்டி ஒத்துப்போக முடிவது, வெளியே யாரும் பார்க்கவில்லை என்பதால்தான். தொலைவில் இருக்கும் உறுப்பினரின் அறையில் கட்சிக்காரரோ, அவரை நம்பியிருக்கும் தொழிலதிபரோ, படகு உரிமையாளர் சங்கத் தலைவரோ கேமராவுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தால் அந்தச் சுதந்திரம் போய்விடும். சாட்சியம் கேட்கும் அமர்விலும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் அங்கே உறுப்பினர் கேள்விதான் கேட்கிறார், வாக்களிப்பதில்லை.

கோரத்திலும் இதே பிரிவினையை வையுங்கள். சாட்சியம் கேட்கும் அமர்வில் காணொலியில் இருப்பவரைக் கணக்கில் சேர்க்கலாம். அறிக்கையை ஏற்கும் அமர்வில் நேரில் இருப்பவர்களை மட்டுமே எண்ண வேண்டும். குழுக்களுக்கு வருகை குறைவு என்பது பழைய புகார். பொத்தானை அழுத்தினால் போதும் என்றாகிவிட்டால் டெல்லி அறை காலியாகும் என்று மூத்த உறுப்பினர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் விதி மாறாது.

படி 5: வரைவை நீங்களே எழுதிக் கொடுங்கள்

"ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முடியும் மனு கோப்பில்தான் தூங்கும். விதியின் வாசகத்தையே எழுதிக் கொடுத்தால், மறுப்பதற்காவது யாராவது அதைப் படித்தாக வேண்டும். மையமான வாசகம் இப்படி இருக்கலாம்:

"சாட்சியம் பெறுவதற்காக மட்டும் கூட்டப்படும் அமர்வில், எழுத்துமூலக் கோரிக்கையின் பேரில், குழுத் தலைவர் ஓர் உறுப்பினரையோ சாட்சியையோ இந்தியாவுக்குள் செயலகம் ஒப்புதல் அளித்த இடத்திலிருந்து காணொலி வழியே கலந்துகொள்ள அனுமதிக்கலாம். அவ்வாறு ஒப்புதல் பெற்ற இடம், அந்த அமர்வு முடியும் வரை, அமர்வு நடைபெறும் இடத்தின் பகுதியாகவே கருதப்படும்."

கடைசி வாக்கியத்தை யார் சொன்னாலும் எடுத்துவிடாதீர்கள். அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு, நாடாளுமன்றத்திலோ அதன் குழுவிலோ உறுப்பினர் பேசியதற்காக நீதிமன்ற நடவடிக்கை வராமல் பாதுகாக்கிறது. மண்டபத்தில் ஒரு அறையில் பேசியது "குழுவில்" பேசியதாகுமா என்று நாளைக்கு ஒரு வழக்கறிஞர் கேட்கக் கூடாது. சாட்சிக்கு இது இன்னும் முக்கியம். சாட்சி சொன்னதற்காக ஒருவரை மிரட்டுவது அவை உரிமை மீறல். அந்த நிழல் கரையில் உள்ள அறை வரைக்கும் நீள வேண்டும்.

இதோடு சில துணை விதிகள் தேவை. அறையில் யார் இருக்கிறார்கள் என்று தொடக்கத்திலேயே கேமராவைச் சுற்றிக் காட்டி உறுப்பினர் உறுதி கூற வேண்டும். முகம் எப்போதும் திரையில் தெரிய வேண்டும். கேமராவை அணைத்தால் வெளியேறியதாகவே கணக்கு. இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: உறுப்பினரின் இணைப்பு போனால் கூட்டம் தொடரும், சாட்சியின் இணைப்பு போனால் கேள்வி அங்கேயே நிற்கும். பதிவு செய்யும் உரிமை செயலகத்துக்கு மட்டும். கூட்டம் நடப்பதைப் படம் எடுத்து வெளியிட்டால் அந்த உறுப்பினருக்கு அந்த வருடம் முழுக்கக் காணொலி வசதி கிடையாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கடுமையாகத் தெரிந்தாலும், மேலே சொன்ன டச்சுக் கதைக்குப் பிறகு அது அதிகம் இல்லை.

யாருக்கு அனுமதி என்பதில் தாராளமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம். நோய், மாற்றுத்திறன், மகப்பேறு, தொகுதியில் பேரிடர் ஆகிய நான்கும் போதும் என்பது என் கணிப்பு. பிரிட்டனின் பிரபுக்கள் சபை, கொரோனா முடிந்த பிறகும் நீண்டகால உடல் இயலாமை உள்ள உறுப்பினர்களுக்கு இந்த வசதியை விட்டுவைத்திருக்கிறது. "தொகுதியில் பேரிடர்" நமக்கானது. குளிர்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக நவம்பர், டிசம்பரில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் புயலும் நமக்கு அதே மாதங்களில்தான். பாம்பனில் புயல் கூண்டு ஏறியிருக்கும்போது எம்.பி. டெல்லியில் இருப்பதை 1964 தனுஷ்கோடியை நினைவில் வைத்திருக்கும் கரை ஏற்றுக்கொள்ளாது.

படி 6: சரியான வாசலில் கொடுங்கள்

மக்களவையில் விதியை மாற்றும் வழி இது. விதிகள் குழுவில் 15 பேர். சபாநாயகரே அதன் தலைவர். அந்தக் குழு பரிந்துரையை அவையில் வைக்கும். வைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எந்த உறுப்பினரும் திருத்தம் கொடுக்கலாம். யாரும் கொடுக்காவிட்டால் பரிந்துரை ஏற்கப்பட்டதாகவே ஆகும். அதாவது இதற்குப் பெரிய மசோதாவோ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ தேவையில்லை. சபாநாயகர் மனம் வைத்தால் போதும், வைக்காவிட்டால் நகராது.

எனவே முதல் கடிதம் எம்.பி. கையெழுத்தில் சபாநாயகருக்குப் போக வேண்டும். நிலைக்குழுக்களில் இரண்டு அவை உறுப்பினர்களும் இருப்பதால், அதே வாசகம் மாநிலங்களவை எம்.பி. ஒருவர் மூலம் அந்த அவைத் தலைவருக்கும் போகட்டும். ஒரு அவையில் மட்டும் விதி மாறினால் ஒரே குழுவில் 21 பேருக்கு ஒரு சட்டம், 10 பேருக்கு ஒரு சட்டம் என்றாகிவிடும்.

சங்கங்கள் மக்களவை மனுக்கள் குழுவுக்கு எழுதலாம். தமிழில் எழுதும் மனுவோடு ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பை, மனுதாரர் கையெழுத்தோடு, இணைக்க வேண்டும். கிராமசபைத் தீர்மானத்தையும் இணையுங்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் நடக்கின்றன, அடுத்ததற்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை. தீர்மானத்துக்கு டெல்லியைக் கட்டுப்படுத்தும் சட்டபலம் இல்லை. ஆனால் ஒரே வாசகத்தில் பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, வாலிநோக்கம், தேவிபட்டினம் என்று அடுத்தடுத்து வந்தால் பத்திரிகைகள் எழுதும்.

மாநிலச் சட்டமன்றக் குழுக்களுக்கு இதே வேலையை 208-வது பிரிவை வைத்துச் செய்யலாம். சென்னை டெல்லியைவிடப் பக்கம் என்பதால் அங்கே அவ்வளவு அழுத்தம் வராது, அதனால் அதை இங்கே விரிக்கவில்லை.

படி 7: கரையில் அறையை அமையுங்கள்

விதி மாறிய பிறகு யோசிக்கலாம் என்று விடாதீர்கள். தயாராக இருக்கும் அறையைக் காட்டினால் விதி மாறுவது சுலபமாகலாம்.

இடத்திலிருந்து தொடங்குவோம். முதலில் மனதில் வருவது ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ். தேசிய தகவலியல் மையத்தின் காணொலி வசதி மாவட்டத் தலைமையிடங்களில் இருக்கிறது. இணைப்பும் அரசு வலைப்பின்னலில். எம்.பி. மட்டும் கலந்துகொள்ளும் அமர்வுக்கு அது போதும். ஆனால் அரசு நிர்வாகத்தைக் குறை சொல்ல வரும் மீனவரை அதே நிர்வாகத்தின் கட்டடத்தில், அந்த ஊழியர் கேமராவைத் திருப்பிக்கொண்டிருக்க, பேசச் சொல்வது சரியல்ல. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தை யோசிப்பவர்களும் உண்டு. மீன்வள விஷயம் என்றால் அதுவும் மத்திய அரசின் வீடுதான். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடல்சார் வளாகம் இருக்கிறது. அதுபோன்ற கல்வி நிறுவனக் கூடம் சாட்சிகளுக்குப் பொருத்தமாக இருக்கும். கட்சி அலுவலகமும் எம்.பி. வீடும் பட்டியலிலேயே வர வேண்டாம்.

கரை நீளம் சுமார் 237 கிலோமீட்டர். எஸ்.பி.பட்டினத்துக்காரரையும் மூக்கையூர்க்காரரையும் ஒரே அறைக்கு வரச் சொன்னால், டெல்லிப் பயணத்தின் சின்னப் பதிப்பைத்தான் அவர்கள் தலையில் கட்டுகிறோம். வடக்கே தொண்டி, நடுவில் மண்டபம், தெற்கே சாயல்குடி என மூன்று இடங்களை முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைப்பது நல்லது.

இணைப்பில் பலரும் பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள். நமக்கு முக்கியம் இங்கிருந்து மேலே அனுப்பும் வேகம். அது 4 எம்பிபிஎஸ் நிலையாக இருந்தால் தெளிவான படத்துக்குப் போதும். 50 வந்து வந்து போவதைவிட 4 விடாமல் இருப்பது மேல். ஃபைபர் ஒன்று, வேறு நிறுவனத்தின் 4ஜி ஒன்று என இரண்டு வழி வையுங்கள். ராமேஸ்வரம் தீவுக்குள் அறை வைத்தால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: இரண்டு நிறுவனத்தின் கேபிளும் பாம்பனை ஒரே பாதையில்தான் தாண்டுகின்றனவா? அப்படியென்றால் அது இரண்டு வழி அல்ல, இரண்டு பில் மட்டுமே. தனுஷ்கோடிப் பக்கம் போனால் கைப்பேசி இலங்கை டவரைப் பிடிப்பது சுற்றுலா வருபவர்களுக்கே தெரியும். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் யாரும் மொபைல் இணைப்பில் ரகசியக் கூட்டத்தில் சேரக் கூடாது; சேர்ந்தாலும் ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்த பிறகுதான்.

மென்பொருளை நாம் தேர்ந்தெடுக்க வேண்டாம், செயலகம் தருவதைத்தான் பயன்படுத்த வேண்டும். 2020 ஏப்ரலில் உள்துறை அமைச்சகமே ஜூம் பாதுகாப்பானதல்ல, அரசு அலுவலர்கள் அலுவல் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்தியது. லேப்டாப்பை இதற்கென்று தனியாக வையுங்கள். யாருடைய வாட்ஸ்அப்பும் அதில் திறந்திருக்கக் கூடாது.

மின்சாரத்துக்கு யுபிஎஸ், அதற்கு மேல் ஜெனரேட்டர். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் யுபிஎஸ் போட மறந்துவிடுவார்கள். லேப்டாப் உயிரோடு இருக்கும், கூட்டம் போயிருக்கும். உப்புக்காற்று இந்தக் கரையின் நிரந்தர எதிரி. கேபிள் முனைகளும் பிளக்குகளும் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். அறையை மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து, எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்து, முனைகளைத் துடைத்து மூட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஜன்னல்கள் கடலைப் பார்க்காமல் இருந்தால் காற்றிரைச்சல் மைக்கில் ஏறாது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இது சாதாரண விஷயமல்ல.

மைக் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் கேமராவுக்குக் காசு கொட்டிவிட்டு ஒலியில் சிக்கனம் பிடிக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொண்டே பேச வேண்டும். ஒலி தகரம்போல் வந்தால் அவரால் முடியாது. கனடா நாடாளுமன்றத்தில் காணொலிக் கூட்டங்களின் மோசமான ஒலியால் மொழிபெயர்ப்பாளர்களின் காதே பாதிக்கப்பட்டு, அது பெரிய தொழிலாளர் பிரச்சினையானது. அப்புறம்தான் தரம் சோதித்த ஹெட்செட் இல்லாதவர்களைப் பேசவிடக் கூடாது என்ற கண்டிப்பு வந்தது. லேப்டாப்பில் இருக்கும் மைக்கை நம்பாதீர்கள். வயர் உள்ள ஹெட்செட் போதும், விலையும் அதிகமில்லை.

படி 8: ஒத்திகையும் கூட்ட நாளும்

ஒத்திகையைக் கூட்டம் நடக்கப்போகும் அதே மணியில் வையுங்கள்; காலை பத்து மணி நெட்டும் இரவு பத்து மணி நெட்டும் ஒன்றல்ல. ஒத்திகையில் வேண்டுமென்றே ஃபைபரைப் பிடுங்கிப் பாருங்கள். 4ஜிக்கு மாற எவ்வளவு நேரமாகிறது என்று தெரியும். மெயின் சுவிட்சையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.

கூட்ட நாளில் கதவுக்கு வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும். தொழில்நுட்பம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஊரில் யாரையும் "இப்போ போகக் கூடாது" என்று தடுக்கும் தைரியம் இருந்தால் போதும். எம்.பி. வந்திருக்கிறார் என்றால் மனுவோடு நாலு பேர் வருவார்கள், சால்வையோடு இரண்டு பேர் வருவார்கள். டீ கொண்டுவரும் தம்பியும் உள்ளே போகக் கூடாது. கைப்பேசிகள் வெளியே ஒரு பெட்டியில் இருக்கட்டும், எம்.பி.யுடையதும் சேர்த்து.

உறுப்பினருக்கு ஒரு வார்த்தை: திரை ஓடும் வரை நீங்கள் அவையில்தான் இருக்கிறீர்கள். 2021 ஏப்ரலில் கனடாவில் ஓர் எம்.பி. உடற்பயிற்சி முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது கேமரா ஓடிக்கொண்டிருந்தது, சக உறுப்பினர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 9: மீனவரைச் சாட்சியாக உட்கார வைப்பது

நாளைப் பார்த்துக் கேளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. விசைப்படகுக்காரர்களைக் கேட்க அதைவிட நல்ல காலம் கிடையாது. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் அப்போது பெரும்பாலும் நடக்காவிட்டாலும் குழுக்கள் கூடலாம். மற்ற மாதங்களில், பாக் நீரிணையில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்திருக்கும் முறையைப் பாருங்கள். இரண்டு தரப்பையும் ஒரே நாளில் அழைத்தால் ஒருவருக்குக் கடல் நாள் போகும். அந்த நாள் கூலியை யார் தருவது என்று குழுவுக்கு எழுதும்போதே கேட்டுவிடுங்கள். பாசி எடுக்கும் பெண்களுக்கும் இதே கணக்குதான். ஆண்கள் சங்கத் தலைவரை அழைத்துவிட்டு, "கரையின் குரலைக் கேட்டோம்" என்று முடித்துவிடக் கூடாது.

சாட்சி படித்துக் காட்ட வேண்டியதில்லை. முன்கூட்டியே இரண்டு பக்க எழுத்துக் குறிப்பு போயிருக்க வேண்டும். அமர்வில் அவர் தன் பேச்சில் பேசட்டும். "வடகடல்", "தென்கடல்", "வத்தை", "கரைவலை" என்று அவர் சொல்லும் சொற்களுக்கு ஒரு விளக்கப் பட்டியலை மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். வடகடல் என்றால் அவர் பாக் நீரிணையைச் சொல்கிறார், தென்கடல் என்றால் மன்னார் வளைகுடாவை. இது தெரியாத மொழிபெயர்ப்பாளர் ஏதோ ஒரு வடக்குக் கடலை டெல்லி அறைக்குள் கொண்டுவந்துவிடுவார். அதை வைத்து ஒரு பரிந்துரையும் எழுதப்பட்டுவிடும்.

கூட்டம் முடிந்தபின் சொன்னதன் சொல்லுக்குச் சொல் பதிவு திருத்தத்துக்காக சாட்சிக்கு வரும். திருப்பி அனுப்பக் கெடுவும் இருக்கும். அது தமிழில் வராது என்று எதிர்பார்த்தே இருங்கள். நாம் ஒலிப்பதிவு வைத்துக்கொள்ளவும் முடியாது. எனவே அமர்வு முடிந்த அரை மணி நேரத்துக்குள், அதே அறையில், கதவு மூடியிருக்கும்போதே, சாட்சி தான் சொன்ன எண்கள், இடங்கள், தேதிகளை நினைவிலிருந்து சொல்லச் சொல்லி, அவரோடு சாட்சியாக வந்த ஒருவர் கையால் எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாள் ரகசியம். உறையில் போட்டு ஒட்டி சாட்சியிடமே கொடுத்துவிடுங்கள். டெல்லியிலிருந்து பதிவு வந்ததும் பிரித்து ஒப்பிட்டு, பிழைகளைக் குறித்து, கையெழுத்துப் போட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வையுங்கள்.